எஸ்தோனியச் சுற்றுச்சூழல் சொற்கள்: சொனவேப், இயாட்டே, ஜெமெட் – எதை எதற்கு நம்பலாம்?

எஸ்தோனியக் கழிவு அறிக்கைகளில் ‘தாஸ்கசுத்தமினே’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘மறுபயன்பாடு’ என்றோ ‘மறுசுழற்சி’ என்றோ வந்து விழும். பேச்சு வழக்குக்கு அது பொருந்தும், சட்டத்துக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/98 கழிவு டைரக்டிவில் (டைரக்டிவ் என்பது ஒன்றியச் சட்டத்தில் ஒரு வகை) ஆங்கிலப் பிரதி ‘ரிகவரி’ என்று சொல்லும் இடத்தில் எஸ்தோனியப் பிரதியில் இந்தச் சொல்தான் நிற்கிறது. கழிவிலிருந்து ஏதாவது ஒரு பயனை எடுக்கும் வேலை எல்லாமே ரிகவரியில் அடக்கம். எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுப்பதும் அதில் சேரும். அந்த டைரக்டிவின் இரண்டாம் இணைப்பில் ஆர் 1 என்ற குறியீடு அதற்குத்தான். குப்பை எரிக்கும் ஆலை குறிப்பிட்ட ஆற்றல் திறனை எட்டினால் ஆர் 1 கிடைக்கும். 2008-க்குப் பிறகு அனுமதி பெற்ற ஆலைகளுக்கு அந்த வரம்பு 0.65. டாலின் நகரத்தை ஒட்டிய ‘இரு’ மின் நிலையத்தில் 2013 முதல் கலப்புக் குப்பையை எரிக்கிறார்கள். சொல்லை மாற்றிப் போட்டால் அடுப்புக்குப் போன குப்பை முழுவதும் நம் கட்டுரையில் ‘மறுசுழற்சி’ ஆகிவிடும்.

எஸ்தோனியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே இப்படி வழுக்கும் சூழலியல், அறிவியல் சொற்கள் ஏராளம். இவற்றைச் சரிபார்க்க எல்லோருக்கும் திறந்திருக்கும் முக்கியமான சேவைகள் மூன்று: எஸ்தோனிய மொழி நிறுவனத்தின் சொனவேப், ஐரோப்பிய ஒன்றிய அமைப்புகளின் கலைச்சொல் வங்கியான இயாட்டே, ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் ஜெமெட். மூன்றுக்கும் காசு வேண்டாம், தேடிப் பார்க்கக் கணக்கும் வேண்டாம். மூன்றிலும் தமிழ் கிடையாது. ஆகவே நமக்கு வழி ஆங்கிலம் வழியாகத்தான். ஆங்கிலத்திலேயே கோணல் விழுந்தால் தமிழில் அது இரட்டிப்பாகும்.

இந்த மூன்றையும் ஒரே கேள்விக்கான மூன்று பதில்களாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இன்னொன்று: மூன்றையும்விட நம்பகமான ஒரு வழி இருக்கிறது. அது குறியீட்டு எண். அதைப் பற்றிக் கீழே.

சொனவேப்

2019-இல் தொடங்கிய தளம் இது. பின்னால் எக்கிலெக்ஸ் என்ற தரவுத்தளம் ஓடுகிறது; அகராதி ஆசிரியர்களும் துறை வல்லுநர்களும் அதில் எழுதுவது இங்கே தெரிகிறது. இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் முறை வருபவர்கள் முகப்பில் இருக்கும் பொதுத் தேடலிலேயே நின்றுவிடுகிறார்கள். சூழலியல் வேலைக்கு அது போதாது. கலைச்சொற்களுக்கென்று தனித் தேடல் இருக்கிறது, முதலில் அங்கே போய்விடுங்கள். பொதுத் தேடல் ஒரு சொல் மக்களிடம் எப்படிப் புழங்குகிறது என்று காட்டும். கலைச்சொல் தேடல் ஒரு துறை அந்தச் சொல்லுக்கு எங்கே எல்லை போட்டிருக்கிறது என்று காட்டும். தாஸ்கசுத்தமினே விஷயத்தில் இந்த வேறுபாடுதான் எல்லாம்.

உள்ளீட்டைத் திறந்ததும் ஆங்கில நிகர்ச்சொல்லுக்குக் கண் ஓடும். ஓட விடாதீர்கள். வரிசை இதுதான்: முதலில் அது எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது, அடுத்து வரையறை, அடுத்து வரையறைக்குக் காட்டியிருக்கும் மூலம், கடைசியில்தான் நிகர்ச்சொல். தொகுப்பின் பெயர் எஸ்டெர்ம் என்றிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது எஸ்தோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் தயாரான காலத்தில் சட்ட மொழிபெயர்ப்பு மையம் கட்டிய வங்கி. சட்டச் சொற்களுக்கு இன்றும் நல்ல சரக்கு. ஆனால் அதன் பிறகு மாறிய சட்டங்கள் பல. மூலமாகச் சுட்டியிருக்கும் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

ஒரே உருவத்தில் இருக்கும் வெவ்வேறு சொற்களைச் சொனவேப் பிரித்துக் காட்டுவது பெரிய உதவி. ‘சோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கரிமண், அதாவது முழுதாக மட்காத தாவரங்கள் படிந்த பீட், சேரும் ஈரநிலத்துக்கு அதுதான் பெயர். பாலினம் என்று பொருள்படும் ‘சுகு’ என்ற சொல் ஆறாம் வேற்றுமையில் ‘சோ’ என்றே ஆகும். அதனால் அறிக்கைத் தலைப்பில் ‘சோ’ வந்தால் ஈரநிலமா, ஆண்–பெண் விவரமா என்பது பக்கத்துச் சொல்லைப் பார்த்தால்தான் தெரியும். எஸ்தோனியத்தில் 14 வேற்றுமைகள். வேற்றுமை ஏறும்போது சொல்லின் நடு மெய்யும் மாறும், சில சமயம் காணாமலே போகும். சொனவேப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை வடிவங்களின் அட்டவணை இருப்பதால் அறிக்கையில் கண்ட வடிவத்தை அங்கே பொருத்திப் பார்த்து அடிச்சொல்லை உறுதி செய்யலாம். மற்ற இரண்டு தளங்களிலும் அடிச்சொல்லையே தட்டுங்கள்.

ஒரு குறை: பொதுத் தேடலில் ஓரத்தில் வரும் இணைய வாக்கியங்கள் தானாகத் திரட்டப்பட்டவை, யாரும் திருத்தியவை அல்ல. நடையைப் பார்க்க உதவும். பொருளுக்குச் சான்றாக எடுக்கக் கூடாது.

ஈரநிலச் சொற்களில் எஸ்தோனியம் ஆங்கிலத்தைவிடக் கறாரானது. அந்த நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரிமண் நிலம் என்பதால் அதில் வியப்பில்லை. ‘மேர்கலா’ என்பது எல்லா ஈரநிலங்களுக்கும் பொதுப்பெயர். ராம்சார் ஒப்பந்தம் சொல்லும் ஆழமற்ற கடற்கரையும் அதில் வரும். ‘சோ’ அதற்குள் ஒரு வகை. அந்த ‘சோ’வில் மூன்று பிரிவு: நிலத்தடி நீரும் ஓடிவரும் நீரும் ஊட்டினால் ‘மதல்சோ’, ஆங்கிலத்தில் ஃபென், மழையை மட்டுமே நம்பி மேலே உப்பி வளர்ந்துவிட்டால் ‘ரபா’, ஆங்கிலத்தில் ரெய்ஸ்டு பாக், இரண்டுக்கும் நடுவில் ‘சீர்தெசோ’. ரபாவுக்குள்ளும் குளத்துக்கு ‘லௌகஸ்’, பள்ளத்துக்கு ‘எல்வெஸ்’, திட்டுக்கு ‘மேத்தஸ்’, வரப்பு போன்ற மேட்டுக்குப் ‘பேனர்’. சோவையும் அதன் மூன்று பிரிவுகளையும் ‘ஸ்வாம்ப்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்த மொழிபெயர்ப்புகள் உண்டு. ஸ்வாம்ப் என்றால் மரங்கள் நிற்கும் சதுப்பு. ரபாவின் நடுப்பகுதியிலோ குட்டைப் பைன்களைத் தவிர மரமே இருக்காது. தமிழிலும் ‘சதுப்பு நிலம்’ என்று மொட்டையாக எழுதினால் வாசகர் மனத்தில் பள்ளிக்கரணைதான் வரும். ‘மழைநீர் ஊட்டும் கரிமண் நிலம்’ என்று ஒரு முறை விரித்துச் சொல்லிவிட்டு ரபா என்றே தொடர்வது நல்லது.

இயாட்டே

ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் தங்களுக்காக வைத்திருக்கும் வங்கி. 2004 முதல் உள்ளே புழக்கம், 2007-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், 2018-இல் தளத்தைப் புதிதாகக் கட்டினார்கள். 24 அலுவல் மொழிகளும் லத்தீனும் இருக்கின்றன. எஸ்தோனியம் 2004-இல்தான் உள்ளே வந்தது என்பதால் பிரெஞ்சு, ஜெர்மன் அளவுக்கு அதில் சரக்கு இல்லை. தேடியது கிடைக்காவிட்டால் அப்படியொரு எஸ்தோனியச் சொல்லே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் நட்சத்திரங்கள் இருக்கும். ஒன்று என்றால் சரிபார்க்காதது, இரண்டு என்றால் குறைந்தபட்ச நம்பகம், மூன்று நம்பலாம், நான்கு மிகவும் நம்பலாம். இந்த நட்சத்திரம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்தது, உங்கள் சூழலுக்குக் கொடுத்தது அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். ‘ரிகவரி’ என்று தேடிப் பாருங்கள். கடன் வசூலும் வரும், நோயிலிருந்து தேறுவதும் வரும், கோவிடுக்குப் பிறகு வந்த பொருளாதார மீட்பு நிதியும் வரும். அந்த நிதியின் எஸ்தோனியப் பெயரில் இருப்பது ‘தாஸ்தெ’. சேதமான இயற்கையைச் சீரமைக்கும் 2024/1991 ஒழுங்குமுறைக்கு ‘தாஸ்தமினே’. கழிவுக்குத் தாஸ்கசுத்தமினே. மூன்றும் ‘திரும்ப’ என்று பொருள்படும் ‘தாஸ்’ என்ற முன்னொட்டில் தொடங்குவதால், பக்கத்தை ஓட்டிப் படிக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எனவே தேடும்போதே துறையைச் சுற்றுச்சூழல் என்று வடிகட்டிவிடுங்கள். துறைப் பகுப்பு யூரோவோக் வகைப்பாட்டின்படி இருக்கும், அதில் சுற்றுச்சூழலுக்கு எண் 52.

‘விருப்பத்துக்குரியது’, ‘ஏற்கத்தக்கது’, ‘தவிர்க்க வேண்டியது’, ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்புகளைக் கவனியுங்கள். நீடித்த வளர்ச்சி என்ற கருத்துக்கு எஸ்தோனியத்தில் மூன்று சொற்கள் போட்டி போடுகின்றன. 1995-இல் வந்த சட்டத்தின் பெயரில் ‘சேஸ்தெவ்’. ஐரோப்பிய ஒன்றிய மொழிபெயர்ப்பாளர்கள் அண்மைக் காலத்தில் கைக்கொண்டது ‘கெஸ்த்லிக்’. நிறுவன அறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் ‘யேத்குசூத்லிக்’. ஆங்கிலத்துக்கு வரும்போது மூன்றும் ஒரே சொல்தான், சிக்கல் இல்லை. ஆங்கிலத்திலிருந்து எஸ்தோனியத்துக்குப் போகும்போது சட்டப் பெயரைக் கெஸ்த்லிக் என்று திருத்தி எழுதிவிடாதீர்கள், பெயர் பெயராகவே இருக்கட்டும். பல்லுயிரியத்துக்கும் இதே கதை. ஐ.நா. ஒப்பந்தத்தின் பெயரில் நீளமான ‘பியோலோகிலினெ மித்மெகெசிசுஸ்’, ஒன்றியத்தின் 2030 உத்தியின் பெயரில் சுருக்கமான ‘எலுரிக்குஸ்’. அறிக்கையில் ஒன்றைத் தேர்ந்து அதையே பிடித்துக்கொள்ளலாம்; மேற்கோளிலும் ஆவணத் தலைப்பிலும் மட்டும் கை வைக்கக் கூடாது.

முழு வங்கியையும் இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்ற விரும்புபவர்கள் மொழியையும் துறையையும் முதலில் குறைத்துவிட்டு இறக்குங்கள், இல்லாவிட்டால் கோப்பு கணினியை மூச்சு முட்ட வைக்கும். இறக்கிய பிறகு ஒரு நட்சத்திரச் சொற்களை நீக்கிவிடுங்கள்.

ஜெமெட்டைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சூழலியல் கருத்துகள், முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள், எஸ்தோனியமும் உண்டு. ஆனால் வரையறை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். எஸ்தோனியத்தில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் பெயர். எனவே ‘இந்தச் சொல் சரிதானா’ என்று இதனிடம் கேட்பது வீண். இதன் பலம் வேறு: ஒவ்வொரு கருத்துக்கும் மேலே எது, கீழே எது, பக்கத்தில் எது என்று வலை போட்டிருக்கிறது. புதிய துறைக்குள் நுழையும்போது, உதாரணமாகக் காற்று மாசு பற்றிய அறிக்கை கைக்கு வந்தால், அந்தக் கருப்பொருளைத் திறந்து ஒரு மணி நேரம் உலவினால் தேவைப்படப் போகும் சொற்களின் பட்டியல் கையில் இருக்கும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு சொனவேப்புக்குப் போங்கள். தரவுத் தொகுப்புகளுக்குக் குறிச்சொல் போடுபவர்களுக்கும் ஜெமெட் ஏற்றது, ஒவ்வொரு கருத்துக்கும் மாறாத எண் இருக்கிறது.

எண் இருந்தால் எண்ணைப் பிடியுங்கள்

சொல் மொழிக்கு மொழி மாறும். எண் மாறாது. சூழலியல் ஆவணங்களில் இந்த வசதி எக்கச்சக்கம்.

கழிவுக்கு ஐரோப்பியப் பட்டியலில் ஆறு இலக்க எண். பின்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அபாயகரமான கழிவு. கழிவை என்ன செய்தார்கள் என்பதற்கு ஆர் 1 முதல் ஆர் 13 வரையும் டி 1 முதல் டி 15 வரையும் குறியீடுகள். ஆர் என்றால் ரிகவரி, டி என்றால் அகற்றுதல், எஸ்தோனியத்தில் ‘கொர்வல்தமினே’. அட்டவணையில் இந்தக் குறியீடு இருந்தால் தாஸ்கசுத்தமினே பற்றிய குழப்பம் ஒரு நொடியில் தீரும். ரசாயனத்துக்கு சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகக் கொடுத்த பதிவெண். வாழிடத்துக்கு, ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளான நேச்சுரா 2000 வலையமைப்பின் நான்கு இலக்க எண்: உயிரோட்டமுள்ள ரபா 7110, சீர்தெசோ 7140, சுண்ணாம்பு வளமுள்ள மதல்சோ 7230, சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த ஆல்வர் புல்வெளி 6280, மரங்கள் இடையிட்ட பழைய வைக்கோல் புல்வெளி 6530. இங்கேயும் எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரம் வரும், ஆனால் பொருள் வேறு: பாதுகாப்பில் முன்னுரிமை பெற்ற வாழிடம். கழிவுப் பட்டியலையும் வாழிடப் பட்டியலையும் ஒரே இணைப்பில் வைத்திருக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் இந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஒரே அடிக்குறிப்பு போட்டுவிடும் ஆபத்து உண்மையானது.

எண் இல்லாத இடத்தில் வரையறை. இதற்கு ஒன்றியச் சட்டங்களின் இணையத் தொகுப்பான யூர்-லெக்ஸ் தளத்தைப் போல் ஒன்று இல்லை. ஒன்றியச் சட்டத்துக்கு ஒரு அடையாள எண் உண்டு. கழிவு டைரக்டிவுக்கு 3, 2008, எல், 0098 என்று சேர்த்து எழுதுவார்கள்: 3 என்றால் சட்டம், அடுத்து ஆண்டு, எல் என்றால் டைரக்டிவ், ஒழுங்குமுறை என்றால் அந்த இடத்தில் ஆர், கடைசியில் எண். ஆவணத்தைத் திறந்து பன்மொழிக் காட்சியைத் தேர்ந்து ஆங்கிலத்தையும் எஸ்தோனியத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வரையறைகள் வழக்கமாக இரண்டாவது அல்லது மூன்றாவது பிரிவில் இருக்கும். கழிவு டைரக்டிவில் மூன்றாம் பிரிவின் 13-ஆம் எண் மறுபயன்பாடு, 15 ரிகவரி, 16 மறுபயன்பாட்டுக்குத் தயார் செய்தல், 17 மறுசுழற்சி, 19 அகற்றுதல். எஸ்தோனியத்தில் மறுபயன்பாடு ‘கொர்துஸ்கசுத்தமினே’, மறுசுழற்சி ‘ரிங்லுசெவொத்’. மறுசுழற்சி வரையறையின் கடைசி வரியைப் படியுங்கள்: ஆற்றல் எடுப்பதும், எரிபொருளாக்குவதும், குழியை நிரப்பப் போடுவதும் இதில் சேராது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

உள்நாட்டுச் சட்டத்துக்கு எஸ்தோனிய அரசிதழான ரீகி தெயாதயா. முக்கியச் சட்டங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கேயே உண்டு. அதற்குச் சட்ட வலிமை கிடையாது, எஸ்தோனிய மூலத்துக்குத்தான். ஆங்கிலப் பிரதியின் மேலே அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை நடப்பில் இருந்த வடிவம் என்று எழுதியிருக்கும். மூலம் அதன் பிறகு திருத்தப்பட்டிருந்தால் பிரிவு எண்கூட நகர்ந்திருக்கலாம். இதைப் பார்க்காமல் ஆங்கிலப் பிரதியிலிருந்து மேற்கோள் எடுப்பது அடிக்கடி நடக்கும் விபத்து.

நீர் தொடர்பான ஆவணங்களில்தான் அதிகம் இடறும். 2019 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள நீர்ச் சட்டம் இரண்டு கழிவுநீரைப் பிரிக்கிறது. ‘ரெயோவெசி’ என்பது சுத்திகரிக்காமல் வெளியே விடக் கூடாத அளவுக்குக் கெட்ட நீர். ‘ஹெய்த்வெசி’ என்பது பயன்படுத்திய பின் ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ விடப்படும் நீர். நிலையத்துக்குள் நுழைவது முன்னது, வெளியேறுவது பின்னது. இரண்டையும் ‘கழிவுநீர்’ என்று எழுதினால் நுழைவாயில் அளவும் வெளிவாயில் அளவும் ஒன்றோடொன்று கலந்து, நிலையம் வேலையே செய்யாததுபோல் அட்டவணை காட்டும். ஆங்கிலத்தில் முறையே வேஸ்ட்வாட்டர், எஃப்ளுயென்ட். தமிழில் ‘கழிவுநீர்’, ‘வெளியேற்று நீர்’ என்று பிரித்துவிடலாம். நிலத்தடி நீருக்குப் ‘பொஹ்யவெசி’. ‘பொஹி’ என்றால் அடிப்பகுதி என்றும் வடக்கு என்றும் பொருள் உண்டு, ஆகவே பெயரின் முன்பாதியைத் தனியே வெட்டி மொழிபெயர்க்க வேண்டாம்.

அதே அட்டவணையில் பிஹெச்டி என்ற சுருக்கம் வரும், கீழே சிறிய 7. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, நாம் பிஓடி என்பது. 7 என்பது சோதனை ஓடிய நாள்கள். ஒன்றியத்தின் 1991 நகரக் கழிவுநீர் டைரக்டிவில் 5 நாள், இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள், எஸ்தோனியாவில் 7 நாள். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கீழே இருக்கும் 7-ஐ 5 ஆக்கினால் தவறு. ஊர்க் கழிவுநீரில் 7 நாள் அளவு 5 நாள் அளவைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வரும். ஒரு ஆளின் மாசுச் சுமையைக் குறிக்கும் ‘இனிமெக்விவலெந்த்’ என்ற அலகிலும் இது ஒளிந்திருக்கிறது. ஒன்றிய டைரக்டிவ் அதை 5 நாள் கணக்கில் நாளுக்கு 60 கிராம் என்கிறது, எஸ்தோனியச் சட்டம் 7 நாள் கணக்கில் 60 கிராம் என்கிறது. எண் ஒன்று, அளவு வேறு. மூன்று கலைச்சொல் வங்கிகளில் எதுவும் இந்த இடத்தில் கையைப் பிடித்து எச்சரிக்காது. சுருக்கத்தின் கீழே இருக்கும் எண்ணை எப்போதும் அப்படியே எழுதுங்கள், மாற்றிக் கணக்கிட்டால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். இன்னொன்று: அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. 2,5 என்றால் இரண்டரை.

மண்ணுக்கு இரண்டு சொல். பயிர் விளையும், மண்ணியல் ஆயும் மண் ‘முல்த்’. கட்டடத்துக்குத் தோண்டுவதும், பழைய எண்ணெய்க் கிடங்கின் கீழே கெட்டுக் கிடப்பதும் ‘பின்னஸ்’. நச்சுப் பொருள்களுக்கான வரம்பு பின்னஸுக்குத்தான் வகுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் சாயில். எஸ்தோனியத்துக்குப் போகும்போது தப்பினால் வயலுக்கும் தொழிற்சாலை வளாகத்துக்கும் விதி மாறிப் போகும்.

‘பொலெவ்கிவி’ இல்லாமல் எஸ்தோனியச் சுற்றுச்சூழல் பேச்சே இல்லை. எரியும் கல் என்பது சொல்லின் நேர்பொருள். நாட்டின் வடகிழக்கில், இதா-விருமா மாவட்டத்தில் வெட்டுகிறார்கள். குக்ருசெ என்ற ஊரின் பெயரால் குக்கர்சைட் என்று புவியியலில் அறியப்படும் பாறை இது. ஆங்கிலத்தில் ஆயில் ஷேல். அதைச் சூடாக்கி வடிக்கும் எண்ணெய் ஷேல் ஆயில். சொற்கள் இடம் மாறினால் பாறை எண்ணெயாகிவிடும், அதனால் டன் கணக்கு தலைகீழாகும். அதைவிட மோசம், ஷேல் ஆயில் என்றதும் அமெரிக்காவில் நீர் அழுத்தத்தால் பாறையைப் பிளந்து எடுக்கும் எண்ணெய் என்று வாசகர் நினைப்பது. எஸ்தோனியாவில் நடப்பது அது அல்ல. பாறையையே வெட்டி எடுத்து உலையில் வாட்டுகிறார்கள். முதல் முறை வரும்போது ‘ஆயில் ஷேலிலிருந்து வடித்த எண்ணெய்’ என்று விரித்துவிடுங்கள். உலையில் மிஞ்சுவது ‘போல்கோக்ஸ்’, அரைக் கரி. மின் நிலையத்தில் மிஞ்சுவது சாம்பல். இரண்டும் வெவ்வேறு கழிவு, வெவ்வேறு எண்.

காட்டுச் சொற்களில் சொனவேப் நன்றாகவே கைகொடுக்கும், செயலிகள் கவிழ்க்கும். ‘ஊயெந்துஸ்ரையே’ என்பதைச் செயலி ‘புதுப்பிக்கும் வெட்டு’ என்று தரும். கேட்க இதமாக இருக்கிறது. உண்மையில் முதிர்ந்த காட்டை அறுவடை செய்து அடுத்த தலைமுறை மரத்துக்கு இடம் விடும் வெட்டுகளின் தொகுப்புப் பெயர் அது. மொட்டையடிக்கும் ‘லகெரையே’யும் அதில் ஒரு வகை. ஆங்கிலத்தில் ரீஜெனரேஷன் ஃபெல்லிங். இளங்காட்டில் நெருக்கத்தைக் களைவது ‘வல்குஸ்துஸ்ரையே’, நேராகப் பெயர்த்தால் வெளிச்ச வெட்டு. ‘வேரிஸெலுபாய்க்’ என்பதை மதிப்புமிக்க வாழிடம் என்று பெயர்த்தால் வெறும் பாராட்டுபோல இருக்கும். அது காட்டுச் சட்டத்தில் வரையறுத்த ஒரு வகை, ஆங்கிலத்தில் உட்லேண்ட் கீ ஹாபிடாட்.

அலுவலகப் பெயர்களுக்குக் கலைச்சொல் வங்கியை நாட வேண்டாம், அந்தந்த அமைப்பின் ஆங்கிலப் பக்கத்தைப் பாருங்கள். ‘கெஸ்க்கொன்னாமெத்’ அனுமதி தந்து கண்காணிக்கும் வாரியம். ‘கெஸ்க்கொன்னாகென்தூர்’ தரவு திரட்டும் முகமை. இரண்டையும் ‘சுற்றுச்சூழல் முகமை’ என்று எழுதினால் யார் அனுமதி கொடுத்தார், யார் அளந்தார் என்பது மறைந்துவிடும். சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 ஜூலை 1 முதல் காலநிலை அமைச்சகம். அதற்கு முந்தைய ஆவணங்களில் பழைய பெயரே இருக்கட்டும்.

எழுத்துகளில் ஒரு எச்சரிக்கை. இங்கே எஸ்தோனியச் சொற்கள் ஒலிக்கு நெருக்கமாகத் தமிழெழுத்தில் இருக்கின்றன. மூல எழுத்து வேண்டுமென்றால் ஆங்கில நிகர்ச்சொல்லை இயாட்டேயில் தட்டி அங்கிருந்து நகலெடுங்கள். உயிரெழுத்தின் மேலே இருக்கும் புள்ளியும் அலைக்கோடும் அலங்காரம் அல்ல, தனி எழுத்துகள். ‘சேஸ்தா’ என்றால் காப்பாற்று. இரண்டு உயிரெழுத்துகளின் மேலும் புள்ளி உதிர்ந்தால் ‘சாஸ்தா’. நம்மூர் ஐயனாரை நினைவூட்டினாலும் அங்கே அதற்குப் பொருள் மாசுபடுத்து. கோப்பைப் பழைய எழுத்துக்குறி முறையில் சேமித்தாலோ, புள்ளி தெரியாத ஸ்கேன் பிரதியிலிருந்து எடுத்தாலோ இது நடக்கும். விரிதாளில் ஏற்றும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உயிரினப் பெயர்களுக்கு மூன்று தளங்களையும் விட்டுவிட்டு லத்தீன் பெயர் வழியே போவதுதான் சரி. எஸ்தோனியப் பெயரை ஈ-எலுரிக்குஸ் என்ற பல்லுயிர்த் தளத்தில் தேடி லத்தீனை எடுங்கள், பிறகு ஆங்கிலம், தமிழ். இல்லையென்றால் ஆற்றங்கரைச் சேதம் பற்றிய அறிக்கையில் அணை கட்டும் ‘கொப்ரஸ்’ நாகப்பாம்பாகிவிடும், அது பீவர். நாகத்துக்கு எஸ்தோனியத்தில் ‘கொப்ரா’ என்றே பெயர்.